எரவாணத்து இறகுகள்

காளை பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது ஆம்பிளை வேலை என்று யார் சொன்னார்களோ, அவர்கள் புறாக்கிணற்றுக்கொட்டாய்த் தீர்த்தம்மாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். சேலையை வரிந்து கட்டி, இரண்டு காளைகளையும் முன்னே விட்டு, வடக்கயிற்றின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்து அவள் கிணற்று மேட்டிலிருந்து சரிவில் இறங்கினால், கிணற்றுக்குள்ளிருந்து இரும்புச் சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து தொட்டியில் கொட்டும். அப்புறம் காளைகளைப் பின்னுக்கு நடத்தி மேடேற்ற வேண்டும். பின்னுக்கு நடப்பது எந்தக் காளைக்கும் பிடிக்காது. ஆனால் தீர்த்தம்மாளின் செவலையும் மயிலையும் அவள் ‘ம்’ என்றாலே போதும், ஒழுங்காகப் பின்னுக்குக் கால் வைக்கும். அது பிரியத்தினாலா பயத்தினாலா என்று அவள் புருஷன் வேடியப்பனுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. அவனுக்கே அவளிடம் அதே நிலைமைதான்.

கம்பைநல்லூரிலிருந்து அரூர் போகிற பாதையை விட்டு ஒரு கல் தொலைவு வடக்கே நடந்தால் அந்தக் கொட்டாய். பதினாறு வீடு, ஒரு பெரிய கிணறு. இண்டூர்ப் பக்கத்தில் பிறந்த தீர்த்தம்மாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் கல்யாணமாகி அங்கே வந்தாள். வந்த புதிதில் அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. ஊமைப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று வேடியப்பன் உள்ளுக்குள் கொஞ்சம் பயந்தான். மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒருநாள் போனபோதுதான் உண்மை தெரிந்தது. காளைகளிடம் அவள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தாறில் கவலை ஓட்டும்போது வடக்கயிறு அறுந்து வேடியப்பன் சரிவில் உருண்டான். வலது தொடை ஒடிந்தது. நாட்டு வைத்தியர் கட்டிய கட்டில் எலும்பு கூடியது, நேராகத்தான் கூடவில்லை. கோல் ஊன்றி நடக்கலாம், உட்கார்ந்தபடி கற்றாழை நாரில் கயிறு திரிக்கலாம். சரிவில் ஏறி இறங்கும் வேலை அதோடு முடிந்தது. அவன் கட்டோடு படுத்திருந்த மூன்றாம் நாளே தீர்த்தம்மாள் காளைகளை அவிழ்த்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கிணற்றில் மூன்று பங்கு. மூத்த பங்கு கருப்பண்ணனுடையது. வேடியப்பனின் பெரியப்பா மகன், கொட்டாயில் அவர் சொன்னால் சொன்னதுதான். இன்னொரு பங்கு பங்காளிகளில் சின்னவனான பச்சியப்பனுக்கு, மூன்றாவது வேடியப்பனுக்கு. ஆளுக்கு இரண்டு நாள் முறை, ஆறு நாளைக்கு ஒரு சுற்று. தீர்த்தம்மாள் காளைகளோடு வந்து நின்றதைப் பார்த்துக் கருப்பண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிணற்று மேட்டில் கன்னிமார் என்று ஏழு கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். அதைக் கையால் காட்டினார்.

“பொம்பளை கவலை ஓட்டினா கன்னிமாருக்கு ஆவாதும்மா.”

“கன்னிமாரு ஏழு பேருமே பொம்பளைங்கதானுங்களே மாமா” என்றாள் தீர்த்தம்மாள். “ஆவாதுன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?”

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் பச்சியப்பன் வந்து சொல்லச் சொல்ல, வேடியப்பன் படுக்கையிலிருந்தே தொடை வலிக்க வலிக்கச் சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கிணற்றுப் புறாக்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாற்பது படி ஆழக் கிணறு. சுற்றிலும் கருங்கல் கட்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விட்ட பொந்துகளில் எத்தனையோ தலைமுறையாகக் காட்டுப் புறாக்கள் குடியிருந்தன. சாம்பல் உடம்பு, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுக்கு, இறக்கையில் இரண்டு கறுப்புக் கோடு. கிணற்றில் பங்குள்ளவர்கள் அந்தப் புறாவைத் தொடக்கூடாது. புறா போனால் ஊற்று போய்விடும் என்பது கொட்டாயின் நம்பிக்கை. ஆடிப் பதினெட்டன்று மூன்று பங்காளிகளும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கேழ்வரகைப் படியில் இறைத்து, ‘உன் குடி நிக்கட்டும், எங்க குடி நிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு வருவார்கள். யாராவது புறாவைப் பிடித்துத் தின்றால் கிணற்றில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு கிணற்றை மூன்று சுற்று வந்து, கன்னிமார் முன்னால் தேங்காய் உடைத்து, ‘தப்பு பண்ணிட்டேன்’ என்று எல்லார் காதும் கேட்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்யும் வரைக்கும் அவர்களுக்குத் தண்ணீர் முறை கிடையாது.

இனி இறகு விஷயம். நாள் முழுக்க நுகத்தடி அழுத்தினால் காளையின் கழுத்தில் புண் வரும். செவலைக்கு வந்த புண் குழி விழுந்து உள்ளே போய்விட்டது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசலாம். ஆனால் விரலை வைத்தால் செவலை உதைக்கும், துணியை வைத்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் சால் தண்ணீரோடு தொட்டியில் வந்து விழுந்த புறா இறகை எடுத்து எண்ணெயில் தோய்த்துத் தடவிப் பார்த்தாள். செவலை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து தண்ணீரில் மிதந்து வரும் இறகு ஒன்றையும் அவள் விடுவதில்லை. காய வைத்து, நாரால் கட்டி, மாட்டுக்கொட்டகைக் கூரை இறங்கும் எரவாணத்தில் செருகி வைப்பாள்.

புண்ணின் குழி ஆழமாக இருந்ததால் அவளுக்கு நீள இறகுதான் வேண்டும். அது கிடைக்காமல் காத்திருந்த வருஷத்தில்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஆனி மாசம் விழுவதெல்லாம் குட்டை இறகு. ஆடியில் அதைவிட ஒரு விரல்கடை நீளம். மாசம் போகப் போக நீளம் கூடிக்கொண்டே போய், கார்த்திகையில் சாண் நீளத்துக்கு இறகு விழும். அதோடு சரி, மறு ஆனி வரைக்கும் சிறகு இறகு ஒன்றும் விழாது. இரண்டு வருஷம் பார்த்து இதை உறுதி செய்துகொண்டு ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். அவன் கயிறு திரித்துக்கொண்டே “ம்ம்” என்றான். கேட்டது பாதி, கேட்காதது பாதி. அதற்காகப் பிறகு அவன் பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மழை ஏமாற்றியது. ஆவணியும் அப்படியே போனது. கிணற்றில் தண்ணீர் படி படியாக இறங்கி, புரட்டாசி பிறந்தபோது முப்பத்திரண்டாம் படிக்குக் கீழே போய்விட்டது. கருப்பண்ணன் காலையிலும் மாலையிலும் கிணற்றை எட்டிப் பார்த்தார். வழக்கமாக எட்டிப் பார்த்தால் காது அடைக்கிற அளவுக்குக் குமுறும் புறாக்கள் அந்த மாசம் சத்தம் காட்டாமல் பொந்துக்குள்ளேயே கிடந்தன. தண்ணீர் மேல் எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு இறகு மிதந்தது. தண்ணீர் குறைகிறது, புறாச் சத்தம் குறைகிறது, இறகு மட்டும் கூடுகிறது. கருப்பண்ணன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். யாரோ கிணற்றுப் புறாவைத் தின்கிறார்கள்.

பச்சியப்பன் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “அண்ணி தண்ணியிலருந்து எறகை எடுத்து இடுப்புல சொருவிக்கிறதைப் பாத்தேனே” என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். மறுநாள் மத்தியானம் கருப்பண்ணன் அவனையும் கூட்டிக்கொண்டு வேடியப்பன் வீட்டுக்கு வந்து, நேரே மாட்டுக்கொட்டகைக்குள் போய், எரவாணத்தில் கையை விட்டார். மூன்று கட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது இறகு.

“இது என்னாம்மா?”

“எறகுங்க மாமா.”

“அது தெரியுது. யாரோடது?”

“நம்ம கெணத்துப் பொறாவோடது” என்றாள் தீர்த்தம்மாள். பால் எந்த மாட்டினது என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

“எத்தனை பொறாவோடது?”

“அதை எப்படிச் சொல்றதுங்க? எல்லாத்தோடதும் இருக்கும்.”

வேடியப்பன் திரித்துக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? கருப்பண்ணனின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் தீர்த்தம்மாளுக்கே விஷயம் புரிந்தது. அவசர அவசரமாக விளக்கினாள். நான் ஒன்றையும் பிடிக்கவில்லை, புறாவே வருஷத்துக்கு ஒருதரம் பழைய இறகை உதிர்த்துவிட்டுப் புதுசு போட்டுக்கொள்கிறது, அதைத்தான் பொறுக்கி வைத்தேன் என்றாள்.

“கோழி எறகு உதிர்த்து நானும் பாத்திருக்கறேன்” என்றார் கருப்பண்ணன். “உதிர்த்த கோழி அலங்கோலமா மூலையில குந்திக்கினு இருக்கும். மொறத்து மேலகூட ஏறாது. இதுங்க கம்பைநல்லூரு வரைக்கும் பறந்து போயி மேய்ஞ்சிட்டு வருதே! எறகு கொட்டின பொறா எப்படிம்மா பறக்கும்?”

நியாயமான கேள்விதான். கருப்பண்ணன் கெட்ட மனிதர் இல்லை. கோழியை வளர்த்தவர் கோழியை வைத்துத்தான் புறாவை எடை போடுவார். அந்தக் கொட்டாயில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். தீர்த்தம்மாள் பதில் தேடிக்கொண்டு நிற்கும்போதே அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“மூணு சுத்து சுத்தி, தேங்கா ஒடைச்சு, தப்புன்னு சொல்லிடு. மறாநாளே தண்ணி எறைச்சிக்கோ. அதுவரைக்கும் உங்களுக்கு மொறை இல்ல.”

வேடியப்பனின் நிலம் ஒன்றரை ஏக்கர். முழுக்கக் கேழ்வரகு, கதிர் வெளியே வருகிற பருவம். அவர்களுக்கும் அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வருஷம் முழுக்க களி கிண்ட வேண்டியது அந்தக் கேழ்வரகில்தான். ஒரு முறை தண்ணீர் தவறினால் தாங்கும். இரண்டு முறை தவறினால் கதிர் பதராகும்.

முதல் முறை தவறியது. செம்மண் நிலம் பாளம் பாளமாக வெடித்தது. மத்தியானமானால் தாள்கள் சுருண்டு, சாயங்காலம் பாதிதான் விரிந்தன. தீர்த்தம்மாள் விடியற்காலையில் எழுந்து காளைகளுக்குத் தீனி வைத்தாள், கழுத்தில் மருந்து பூசினாள், வயலைச் சுற்றி வந்தாள். கிணற்றுப் பக்கம் மட்டும் போகவில்லை. செவலையைத் திட்டும்போது மட்டும், “பெரிய மனுசன்னா காது இருக்க வேணாமாடா?” என்று கேட்டாள். செவலைக்கு அது யாரைப் பற்றிய பேச்சென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாம் முறையும் தவறியபோது வேடியப்பன் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தான்.

“தீர்த்தா, ஒரு தேங்காதானே? மூணு சுத்துதானே? சுத்திட்டு வந்துடு. கதிரு கண்ணு முன்னால காயுது.”

“செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“சொன்னா என்ன கொறைஞ்சு போவுது?”

“இன்னிக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு இந்தக் கெணத்துல எது நடந்தாலும் எம் தலையிலதான் விடியும். நம்ம பொண்ணுங்களைப் பொறா தின்னவ மவளுங்கன்னு சொல்லுவாங்க. கதிரு போனா அடுத்த பட்டத்துக்கு வெதைச்சிக்கலாங்க. இது போனா எதை வெதைக்கறது?”

அவள் சொன்னது சரி என்று வேடியப்பனுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, காய்கிற கதிரையும் அவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தானே. தன்னால் ஓட்ட முடியாத கவலையை இரண்டு வருஷமாக அவள் ஓட்டுகிறாள், தன் பங்குக்கு ஒரு சுமையாவது தாங்கக் கூடாதா என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லாமல் கோலை ஊன்றிக்கொண்டு கருப்பண்ணன் வீட்டுக்குப் போனான். பச்சியப்பனும் அங்கே இருந்தான்.

“அண்ணா, பொறாவைப் புடிச்சது நானுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சுத்தறேன் மூணு சுத்து. அவளுக்கு மொறையை வுட்டுடுங்க.”

கருப்பண்ணன் அவன் காலையும் கோலையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் காலை வச்சிக்கினு நாப்பது படி எறங்கினியா?”

“எறங்கினனுங்க.”

“பொந்துல கைய வுட்டுப் பறக்கற பொறாவைப் புடிச்சியா?”

“புடிச்சனுங்க.”

பச்சியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணா, நீ போன வாரம் வூட்டு வாசப்படி எறங்கறதுக்கே என் தோளைப் புடிச்சியே” என்றான். கருப்பண்ணன் சிரிக்கவில்லை. பெண்சாதி செய்த தப்பை மறைக்கத்தான் இவன் வந்திருக்கிறான் என்று தீர்மானித்துவிட்டார். “செய்யாதவளுக்கு நீ எதுக்குடா பழி ஏத்துக்கணும்? போ வூட்டுக்கு” என்றார். உதவி செய்யப் போன வேடியப்பன், மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்து வைத்துவிட்டுத் திரும்பினான்.

அவன் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிட்டது. திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். தீர்த்தம்மாள் களி உருண்டையைத் தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். “நாப்பது படியா எறங்கினீங்க?” என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் அவள் உதடு கோணிப் போயிற்று. தன் மேல் பிரியமா என்று அவன் ஏழு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு அன்றைக்கு அவனுக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

விடிந்ததும் அவள் மடியில் ஒரு கைப்பிடி கேழ்வரகை முடிந்துகொண்டாள். பானையில் மிச்சம் இருந்ததில் அது பாதி. மூன்று இறகுக் கட்டையும் எடுத்துக்கொண்டு, “நீங்களும் வாங்க” என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அன்று கருப்பண்ணனின் முறை. அவர் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார், பச்சியப்பன் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். அவள் மேட்டில் ஏறிக் கன்னிமார் கல்லுக்கு முன்னால் மூன்று கட்டையும் அவிழ்த்துப் போட்டாள்.

“மாமா, உசிரோட இருக்கற பொறாவைப் புடுங்கினா எறகு அடியில ரத்தம் இருக்கும், சதை ஒட்டியிருக்கும். இதுல ஒண்ணே ஒண்ணுல காட்டுங்க.”

கருப்பண்ணன் காளைகளை நிறுத்திவிட்டு வந்து ஏழெட்டை எடுத்துப் பார்த்தார். இறகின் அடிக்குழல் வெள்ளையாக, காய்ந்து, வாய் மூடியிருந்தது. “தண்ணியில கழுவியிருந்தா?” என்றார். அவர் பிடிவாதத்தை மெச்சத்தான் வேண்டும்.

“சரிங்க. எறகு கொட்டின பொறா எப்படிப் பறக்கும்னு கேட்டீங்களே. அதுக்கு அன்னிக்கு எனக்குப் பதில் சொல்ல வரல. இப்பச் சொல்றேன். கீழ இருந்து பாத்தா தெரியாது, பொறா நமக்கு மேல போயிடும். இந்தக் கெணத்து மேல கவுந்து படுத்துப் பாத்தா அதோட முதுகு தெரியும். படுங்க மாமா.”

அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த, கொட்டாய்க்கே பெரியவரான கருப்பண்ணனை இதுவரை யாரும் ‘படுங்க’ என்று சொன்னதில்லை. அவர் பச்சியப்பனைப் பார்த்தார், வேடியப்பனைப் பார்த்தார். இரண்டு பேரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். கடைசியில் துண்டைக் கல்லின் மேல் விரித்து, முனகிக்கொண்டே வயிற்றைக் கீழே வைத்துப் படுத்துக் கிணற்றுக்குள் தலையை நீட்டினார். தீர்த்தம்மாள் மடியை அவிழ்த்துக் கேழ்வரகைப் படிகளில் இறைத்தாள்.

முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு பொந்திலிருந்து ஒரு புறா இறக்கையை விரித்து எதிர்ப்பக்கப் படிக்கு வந்து இறங்கியது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல். கொஞ்ச நேரத்தில் படியெல்லாம் புறாவாகிவிட்டது. வேடியப்பனும் கோலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான்.

“எறங்கும்போது எறக்கையைப் பாருங்க. வலது பக்கம் ஒரு சந்து தெரியுதா? எடது பக்கமும் பாருங்க. அதே எடத்துல.”

தெரிந்தது. விரிந்த இறக்கையில் ஒரே ஒரு இறகு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இந்தப் பக்கம் எந்த இடமோ, அந்தப் பக்கமும் அதே இடம். அடுத்த புறாவுக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கு ஒரு இறகு தள்ளி, ஆனால் இரண்டு பக்கமும் சமம்.

“கோழியாட்டம் மொத்தமாக் கொட்டிட்டா இதால இரை தேட முடியுமுங்களா? அதனால ஒண்ணை வுடும். எந்தப் பக்கமும் சாயாம இருக்கறதுக்கு அந்தப் பக்கத்திலயும் அதே ஒண்ணை வுடும். அது பாதி மொளைச்ச பொறவுதான் அடுத்ததை வுடும். உள்ளருந்து வெளிய, குட்டையில இருந்து நீளம். மொளைக்கற நேரத்துல ஒடம்பு அசதியா இருக்கும்போல, அதான் சத்தம் போடாம பொந்துலயே கெடக்குது. ஒரு பக்கத்துக்குப் பத்து. இப்ப பெரும்பாலும் ஏழாவது விழுது. இன்னும் மூணு பாக்கி. கார்த்திகையில இருக்கறதுலயே நீளமானது விழும். அதோட நின்னுடும். வேணும்னா தண்ணியில விழறதை நீங்களே எடுத்து வச்சுப் பாருங்க.”

அவள் ஒரே மூச்சில் இத்தனை பேசி வேடியப்பன் கேட்டது அதுவே முதல் முறை. காளைகளைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. பச்சியப்பன் படியிலிருந்த புறாக்களை விரல் விட்டு எண்ணி, “ஆடிக்கு வந்ததைவிட அதிகமாவே இருக்குதே அண்ணா” என்றான். கருப்பண்ணன் எழுந்திருக்கவில்லை. வெயில் முதுகில் ஏறும் வரை அப்படியே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, வேட்டி மண்ணைத் தட்டி, யாரையும் பார்க்காமல், “நாளையிலருந்து மொறைப்படி எறைச்சிக்கோ. கார்த்திகையில என்னா விழுதுன்னு பாக்கலாம்” என்றார்.

அதை மன்னிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தண்ணீர் வந்தது. தீர்த்தம்மாள் இரண்டு நாளும் உச்சி வெயிலுக்குக்கூட நிற்காமல் இறைத்தாள். மேட்டுப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு பதராகப் போய்விட்டது. அதை அறுத்துக் காளைகளுக்குப் போட்டாள். மிச்சம் பிழைத்தது. வருஷத்துக்குப் போதாது, வைகாசி வரைக்கும் இழுக்கலாம் என்று சொன்னாள். பதரைப் பற்றி அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வேடியப்பனுக்குத்தான் ஆறவில்லை. போன கதிரை விடக் கருப்பண்ணன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் போனதே அவனை அரித்தது. ஊரில் பாதிப் பேர் இன்னும் அவள் முதுகுக்குப் பின்னால் புறா என்று கிசுகிசுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஐப்பசியில் மழை வந்தது. கிணறு பத்துப் படி ஏறியது. கார்த்திகை கடைசி வாரம், தீர்த்தம்மாளின் முறை. மழை விட்டு வாரமாகிவிட்டதால் கேழ்வரகு அறுத்த நிலத்தில் விதைத்திருந்த அவரைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. பனி விலகாத காலையில் வேடியப்பன் மடை பார்க்க வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தான். கிணற்றுப் படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது.

கருப்பண்ணன் ஏறி வந்தார். தலையிலிருந்து கால் வரை தண்ணீர் சொட்டியது. பல் கிட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பச்சியப்பன் தேங்காயோடு நின்றான். அவனுக்குப் பின்னால் கொட்டாய் முழுக்க நின்றது, அவர்தான் வரச் சொல்லியிருந்தார். அவர் கிணற்றைச் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று. கல்லில் வழுக்கினாலும் யார் கையையும் பிடிக்காமல் இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று முடிந்து கன்னிமார் முன்னால் தேங்காயை உடைத்தார்.

“தப்பு பண்ணிட்டேன்” என்றார். குரல் எல்லாருக்கும் கேட்டது. “கெணத்துப் பொறாவை யாரும் தொடல. தொட்டாங்கன்னு சொன்னது எம் தப்பு.”

தீர்த்தம்மாள் காளைகளைச் சரிவின் பாதியில் நிறுத்தியிருந்தாள். அவர் அவளருகே வந்து, பச்சியப்பன் கையிலிருந்து இறகுக் கட்டு ஒன்றை வாங்கி அவளிடம் நீட்டினார். புரட்டாசியிலிருந்து தன் முறை நாளிலெல்லாம் அவரே தண்ணீரிலிருந்து எடுத்துக் காய வைத்த இறகுகள். குட்டையிலிருந்து நீளம் வரை வரிசையாக அடுக்கி, நாரால் கட்டியிருந்தார். கடைசியில் சாண் நீளத்துக்கு நாலு இறகு.

“நாலு நாளா ஒண்ணும் விழல” என்றார்.

“இனி ஆனிக்குத்தானுங்க மாமா.”

“செவலைக்குப் பூசு.”

அவள் கயிற்றை விட்டு இறங்கி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது என்பதை வேடியப்பன் பார்த்தான். இவளுக்குப் புருஷனாக இருக்க நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தான். நினைத்ததில் அவனுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

“துணி மாத்துங்க மாமா, சளி புடிச்சிக்கும்” என்றாள் தீர்த்தம்மாள். இறகுக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி வடக்கயிற்றில் ஏறி உட்கார்ந்து காளைகளை ஓட்டினாள். சால் மேலே வந்து தொட்டியில் கொட்டியது. வேடியப்பன் மண்ணை இழுத்து மடையைத் திருப்பிவிட்டான்.